சின்ன டிரெய்லருக்குச் சக்கரமும் பிரேக்கும்

சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸ் மலையில் பிளாக்ஸ்லாந்து என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து ஓல்ட் பாதர்ஸ்ட் ரோடு வழியாக எமு பிளெயின்ஸுக்கு இறங்கினால் சில நிமிடத்தில் சமவெளிக்கு வந்துவிடலாம், அவ்வளவு செங்குத்தான இறக்கம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் அந்த வழியாக இறங்கினேன். காருக்குப் பின்னால் என் 6க்கு 4 அடி டிரெய்லர், அதில் 200 பழைய செங்கல். மலையில் ஒருவர் பழைய மதிலை இடித்துவிட்டு, கல்லைச் சும்மாவே எடுத்துப்போகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுப் பின்பக்கம் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே ஒரு நடைபாதை போட வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. தொட்டி பாதிக்குச் சற்று மேல்தான் நிறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கலாமோ என்று கூட நினைத்தேன்.

இறக்கத்தில் முன்னால் போன வண்டி வேகத்தைக் குறைத்தது. நானும் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கப் பார்க்கிறது, ஆனால் பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. இன்னும் அழுத்தினேன். காரின் பின்பக்கம் லேசாக இடது பக்கம் நகர்ந்தது. நகர்ந்தது ஒரு சாண் கூட இருக்காது, ஆனால் அந்த அசைவு முதுகுத்தண்டில் தெரிந்தது. நல்ல வேளையாக முன்னால் போனவர் மறுபடி வேகமெடுத்தார். ஓரமாக இடம் கிடைத்ததும் நிறுத்தினேன். பிரேக் கருகும் வாசனை கண்ணாடியைத் திறக்காமலே உள்ளே வந்தது.

“என்னங்க, பிரேக் பிடிக்கலையா?” என்றாள் மனைவி.

“கார் பிரேக் பிடிச்சது. பின்னாடி இருக்கிறதுக்கு பிரேக்கே கிடையாது.”

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு செங்கல்லைத் தராசில் வைத்தேன். மூன்று கிலோவும் இருநூறு கிராமும். 200 கல் என்றால் 640 கிலோ. டிரெய்லரின் வெறும் எடை 230. ஆக 870 கிலோவை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். டிரெய்லரின் முன்பக்கச் சட்டத்தில் ரிவிட் அடித்த தகட்டில் 750 என்று பொறித்திருக்கிறது. நான்கு வருடமாக அந்தத் தகட்டை நான் குனிந்து படித்ததே இல்லை.

சிறு வயதில் ஊரில் கட்டை வண்டி ஏரிக்கரையிலிருந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பாரம் முன்னால் சாய்ந்து, நுகத்தடி மாட்டின் கழுத்திலிருந்து கொம்பை நோக்கி ஏறும், வண்டிக்காரர் குதித்து இறங்கி வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பார். அன்றைக்கு என் கார் இருந்த நிலை அதேதான். மாடு வண்டியை இழுக்கவில்லை, வண்டி மாட்டைத் தள்ளியது.

ஆஸ்திரேலியாவில் சட்டம் இதை எடையை வைத்துப் பிரிக்கிறது. காரில் மாட்டிய நிலையில் டிரெய்லரின் சக்கரங்கள் மேல் இறங்கும் எடைக்கு ஜிடிஎம் என்று பெயர். ஒற்றை அச்சு டிரெய்லருக்கு அது 750 கிலோ வரை என்றால் பிரேக் தேவையில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை குறைந்தது ஓர் அச்சின் இரண்டு சக்கரத்திலும் பிரேக் வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும், அதை ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே இயக்கவும் முடிய வேண்டும், டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும். ஏடிஎம் என்பது இன்னொன்று, டிரெய்லரைக் கழற்றித் தனியாக நிறுத்தினால் பாரத்தோடு சேர்த்து அதன் மொத்த எடை. தகட்டில் பெரும்பாலும் கண்ணில் படுவது இதுதான்.

சட்டத்தில் குறை இல்லை. சிக்கல் தொட்டியின் அளவில் இருக்கிறது. 6க்கு 4 அடி, பக்கச் சுவர் 30 சென்டிமீட்டர் உயரம் என்றால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய முக்கால் கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஈரமணல் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். அப்படியென்றால் அந்தச் சின்னத் தொட்டியை விளிம்பு வரை மணலால் நிரப்பினால் ஒரு டன். வெறும் டிரெய்லர் எடையையும் சேர்த்தால் தகட்டில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அதே தொட்டியில் மரப்பட்டைத் துகளைக் குவித்து ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது. மண் விற்கும் யார்டில் லோடர் ஓட்டுபவர் ஒரு வாளி கொட்டிவிட்டு இன்னொன்று வேண்டுமா என்று கையைக் காட்டிக் கேட்பார். தொட்டியில் இடம் இருக்கிறதே என்று எல்லோரும் தலையாட்டுவோம். நானும் எத்தனையோ முறை ஆட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இதையே படித்தேன், கேட்டேன், கடை கடையாகப் போய்க் குனிந்து பார்த்தேன். அதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. சக்கரத்தைத் தனியாகவும் பிரேக்கைத் தனியாகவும் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டையும் இணைப்பது ஹப். அச்சின் முனையில் பேரிங்கோடு சுழலும் அந்த வார்ப்பிரும்புக் குண்டில்தான் சக்கரத்தை மாட்டும் ஸ்டட்டுகள் இருக்கின்றன. பல டிஸ்க் பிரேக்குகளில் டிஸ்கும் ஹப்பும் ஒரே வார்ப்பு. ஆகவே எந்த பிரேக் என்று முடிவு செய்த அந்த நிமிடமே எந்த ஸ்டட் இடைவெளி, எந்த பேரிங் என்பதும் முடிவாகிவிடுகிறது. எடையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற அச்சு, அப்புறம் ஹப்பும் பிரேக்கும், கடைசியில்தான் ரிம்மும் டயரும். நாம் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ரிம் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆரம்பிக்கிறோம்.

ஸ்டட் இடைவெளியை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் டூங்காபி தெருவில் எதிர் வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை. முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பைக் கிடங்குக்குக் கிளம்பும்போது என் டிரெய்லரில் ஒரு டயர் தரையோடு தரையாக இருந்தது. ஸ்டெப்னி இல்லை. அவருடைய டிரெய்லரிலும் அதே 13 அங்குலச் சக்கரம், ஐந்து துளை, பார்வைக்கு அச்சு அசல் ஒன்றே. கேட்டதும் கழற்றிக் கொடுத்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி மாட்டப் பார்த்தால் இரண்டு ஸ்டட்டில் நுழைவது போல இருந்தது, மற்ற மூன்றும் துளையின் ஓரத்தில் முட்டி நின்றன. நான் கையால் ஒரு தட்டு தட்டினேன்.

“தம்பி, தட்டாதையுங்கோ,” என்றபடி சாலையைக் கடந்து வந்தார். குனிந்து பார்த்தார். “உங்கட ஹப் ஃபோர்ட். என்ர சில்லு ஹோல்டன். இது அதுக்குக் கொழுவாது.”

காரே ஃபோர்டும் இல்லை, ஹோல்டனும் இல்லையே, என்னுடையது டொயோட்டா ஆயிற்றே என்று விழித்தேன். அவர் டேப்பை எடுத்து அளந்து காட்டினார். ஐந்து ஸ்டட்டின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால், ஃபோர்ட் கணக்கில் அதன் விட்டம் 114.3 மில்லிமீட்டர், எச்.டி. (HT) ஹோல்டன் கணக்கில் 108. ஐந்து ஸ்டட் என்பதால் நேர் எதிரே இன்னொன்று இருக்காது, விட்டத்தை நேராக அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டின் மையத்துக்கு இடையே அளந்து 1.7-ஆல் பெருக்க வேண்டும். ஃபோர்டில் அந்த இடைவெளி 67 மில்லிமீட்டரைத் தொடும், ஹோல்டனில் 63.5. வித்தியாசம் நான்கு மில்லிமீட்டர் கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. ஸ்டட்டின் தடிமனும் வேறு. ஹோல்டனுக்கு 7/16 அங்குலம், ஃபோர்டுக்கு அரை அங்குலம். துளை கொஞ்சம் பெரிதான ரிம்மாக இருந்து, நான் நட்டைப் போட்டு இறுக்கி இழுத்து உட்கார வைத்திருந்தால் ஸ்டட் ஐந்தும் வளைந்த நிலையிலேயே சுமை தாங்கியிருக்கும், ஒரு நாள் நெடுஞ்சாலையில் ஒவ்வொன்றாக ஒடிந்திருக்கும்.

எச்.டி. ஹோல்டன் 1969-இல் வந்த கார். ஃபோர்ட் இந்த நாட்டில் கார் செய்வதை 2016 அக்டோபரில் நிறுத்தியது, ஹோல்டன் அதற்கு அடுத்த அக்டோபரில். இன்றைக்கு அந்த இரண்டு நிறுவனமும் இங்கே கார் செய்வதில்லை. ஆனால் கடையில் போய் டிரெய்லர் சக்கரம் என்று கேட்டால் இன்னமும் முதல் கேள்வி ஃபோர்டா, ஹோல்டனா என்பதுதான். ஒரு காலத்தில் காரின் ஸ்டெப்னியே டிரெய்லருக்கும் பொருந்த வேண்டும் என்று ஆரம்பித்த வழக்கம் அது, கார் போன பிறகும் ஐந்து துளையில் உயிரோடு இருக்கிறது. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மரியாதை வருகிறது.

இரண்டில் எது என்றால், எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் இந்த இரண்டுக்குள் ஒன்றாக இருக்கட்டும் என்பேன். இறக்குமதியான சில மலிவு டிரெய்லர்களில் வேறு அளவு ஹப் வருகிறது. சக்கரம் நன்றாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு சிற்றூரில் டயர் வெடித்து, அங்கே திறந்திருக்கும் ஒரே கடையில் அந்த அளவு ரிம் இல்லாதபோதுதான் அதன் விலை தெரியும்.

டயருக்கு வருவோம். பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும், அதுதான் பாரக் குறியீடு. என் பழைய டிரெய்லரில் 175/70 ஆர்13, எண் 82. அதற்கு 475 கிலோ. இரண்டு டயருக்கும் சேர்த்து 950, ஆக 750 கிலோ டிரெய்லருக்குப் போதும். 1,400 கிலோ டிரெய்லருக்கு ஒரு பக்கத்துக்கு 700 வேண்டும், அங்கே கார் டயர் உதவாது. 185 ஆர்14 சி என்று முடியும் இலகு லாரி டயர் வேண்டும், அதில் 102 என்று போட்டிருக்கும், ஒரு டயர் 850 கிலோ தாங்கும். ஆனால் அந்த 850 முழு அழுத்தத்தில்தான், பக்கச்சுவரில் குறிப்பிட்ட காற்று இருந்தால்தான். கார் டயருக்கு அடிக்கிற மாதிரி 32 அடித்துவிட்டுப் பாரம் ஏற்றினால் டயர் உள்ளுக்குள் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழியும். ரிம்முக்கும் தனியாகத் தாங்கும் எடை உண்டு, அதையும் கேட்டு வாங்க வேண்டும். இதை யாரும் கேட்பதில்லை.

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, காய்ந்து சாகிறது. வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் கூட ஓடாமல் வெயிலில் நிற்கும் வண்டி அது. என் பழைய டயரில் தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம் அப்படியே இருந்தது. பக்கச்சுவரில் DOT என்ற எழுத்துக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கம் 2309. அதாவது 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். விரலால் சுவரை அழுத்தினால் ரப்பரில் கோடு கோடாக வெடிப்பு திறந்தது, கோடையில் ஏரியில் மண் வெடிக்குமே, அந்த மாதிரி. அந்த டயரில்தான் 870 கிலோவோடு மலை இறங்கியிருக்கிறேன்.

சக்கரத்தின் உயரம் பேரிங்கின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மடக்கி வைக்கும் குட்டி டிரெய்லர்களில் 8 அங்குல ரிம் இருக்கும். அது மணிக்கு 100 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 1,250 முறைக்கு மேல் சுற்றும். என் 13 அங்குலச் சக்கரம் அதே வேகத்தில் 920. சுற்று கூடக் கூட பேரிங் சூடு, கிரீஸ் இளகும், குழியில் விழுந்தால் சின்னச் சக்கரம் முழுதாக இறங்கி அடி வாங்கும். ஊருக்குள் மட்டும் என்றால் சரி. நெடுஞ்சாலை என்றால் 13-க்குக் கீழே நான் போகமாட்டேன். பேரிங்கிலும் இரண்டு குடும்பம் உண்டு, எல்.எம். என்பது ஹோல்டன் வழி, எஸ்.எல். என்பது ஃபோர்ட் வழி. எஸ்.எல். கனமான அச்சுக்கு வருவது. எது என்று தெரிந்துகொண்டு ஒரு ஜோடியையும் சீலையும் கிரீஸோடு டப்பாவில் போட்டு டிரெய்லரிலேயே வைத்திருங்கள்.

இனி பிரேக். சின்ன டிரெய்லருக்கு மூன்று வழி. முதலாவது கேபிள் பிரேக். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் வந்து தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளலையே, டிரெய்லரைக் காரோடு மாட்டும் கப்ளிங் வாங்கிக்கொண்டு ஒரு நெம்புகோல் வழியாகக் கேபிளை இழுக்கும், காலிபர் டிஸ்கைக் கவ்வும். தள்ளுகிற விசையே தடுக்கிற விசையாக மாறுகிறது. எவ்வளவு கனமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கிப் பிடிக்கும். எனக்கு இந்த யோசனையே மிகவும் பிடித்துவிட்டது. இரண்டாவது அதே தள்ளலை எண்ணெய் வழியாக அனுப்புவது, கப்ளிங் மேல் ஒரு மாஸ்டர் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது மின்சார பிரேக், டிரம்முக்குள் காந்தம், காருக்குள் ஒரு கட்டுப்படுத்தும் பெட்டி.

மின்சார பிரேக்தான் இவற்றில் சிறந்தது என்று பலர் சொல்வார்கள், அதில் நியாயம் உண்டு. டிரெய்லர் பாம்பாக ஆட ஆரம்பித்தால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தி நேராக்க முடியும், வேறு எதிலும் அது முடியாது. ஆனால் பெட்டி இல்லாத காரில் மாட்டினால் டிரெய்லருக்கு பிரேக்கே இல்லை. எங்கள் தெருவில் டிரெய்லர் ஒருவர் வீட்டில் நிற்கும், ஐந்து வீடு அதை எடுத்துப்போகும். இரவல் போகிற டிரெய்லருக்குத் தள்ளுவிசை பிரேக்தான் சரி. எந்தக் காரில் மாட்டினாலும் அது வேலை செய்யும். படகு டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கும் மின்சார டிரம் வேண்டாம், உப்புத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தால் உள்ளே எல்லாம் துருவாகிவிடும்.

கேபிளா, எண்ணெயா என்பதில் நான் நிறைய யோசித்தேன். கேபிள் மலிவு, பழுது பார்ப்பது சுலபம், ஒரு ஸ்பேனர் போதும். ஆனால் கேபிள் நீளும், உறைக்குள் துருப்பிடிக்கும், இடது வலது சமமாக இழுக்க அடிக்கடி சரிபார்க்க வேண்டும். ஒரு சக்கரம் அதிகமாகப் பிடித்தால் டிரெய்லர் அந்தப் பக்கம் இழுக்கும், மழை நாளில் அது ஆபத்து. எண்ணெயில் அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றே. கூடுதல் காசு கொடுத்து எண்ணெயையே எடுத்தேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கினாலும் தள்ளுவிசை பிரேக் பிடித்துக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் கார் மெதுவாவது என்ஜினாலா பிரேக்காலா என்று கப்ளிங்குக்குத் தெரியாது. அதனால் மலையடியில் டிஸ்க் நன்றாகச் சூடேறியிருக்கும்.

பழைய டிரெய்லரிலேயே பிரேக் வைத்துவிடலாமா என்று ஒரு பட்டறையில் விசாரித்தேன். காலிபரைத் தாங்கும் தகட்டை அச்சில் வெல்டிங் செய்ய வேண்டும், ஹப் இரண்டும் மாற வேண்டும், கப்ளிங் மாற வேண்டும். சில 13 அங்குல ரிம்மில் காலிபர் உள்பக்கம் உரசும், அப்போது ரிம்மும் மாற வேண்டும். இத்தனையும் செய்தாலும் தகட்டில் 750 என்று இருந்தால் அது 750 கிலோ டிரெய்லர்தான். பிரேக் வைத்ததால் அதிகம் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஆகாது, அச்சும் சட்டமும் ஸ்பிரிங்கும் அதே பழையவை. இதை அந்தப் பட்டறைக்காரர் எனக்கு விற்கப் பார்க்காமல் நேராகச் சொன்னார்.

ஆகவே பழையதை விற்றுவிட்டு 7க்கு 4 அடியில் புதிது வாங்கினேன். ஏடிஎம் 1,400 கிலோ, 14 அங்குல ரிம், ஃபோர்ட் அளவு ஸ்டட், இரண்டு பக்கமும் டிஸ்க், முன்சட்டத்தில் ஸ்டெப்னி. என் காருக்கு அவ்வளவு இழுக்கும் அனுமதி இருக்கிறதா என்று கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். வாங்கின முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கினேன், ஒவ்வொன்றும் கால் சுற்று போனது. புதிய பெயின்ட் அமுங்குவதால் அப்படி ஆகுமாம்.

முதல் நாள் வீட்டு வாசல் மேட்டில் ரிவர்ஸ் எடுத்தபோது டிரெய்லர் அசையவே இல்லை. பின்னால் தள்ளும்போதும் கப்ளிங் அழுந்துகிறதே, பிரேக் கவ்விக்கொண்டது. கப்ளிங்கின் மேல் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கிறது. இறங்கி அதைத் தூக்கிக் குறுக்கே போட்டால் கப்ளிங் அழுந்தாது, ரிவர்ஸ் போகலாம். முன்னால் இழுத்ததும் அதுவே விழுந்துவிடும். எதிர் வீட்டு அண்ணைக்கு இதை நான்தான் காட்டினேன், அவருடைய டிரெய்லரில் பிரேக் கிடையாது. இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பார்த்தார். “நல்ல வேலை செய்திருக்கிறாங்கள்,” என்றார்.

போன மாதம் அதே பிளாக்ஸ்லாந்து வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டார், மதிலின் மீதிப் பகுதியையும் இடித்துவிட்டாராம். இந்த முறை 250 கல், எண்ணி ஏற்றினேன். அச்சுக்கு மேலும் கொஞ்சம் முன்னாலும் அடுக்கி, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கார்ப் பக்கம் இறங்கும்படி பார்த்துக்கொண்டேன். ஓல்ட் பாதர்ஸ்ட் ரோட்டில் இரண்டாம் கியரில் இறங்கினேன். பிரேக்கைத் தொட்டபோது கார் தலையை லேசாகக் குனிந்தது, பின்னால் ஒரு மெல்லிய ‘டொக்’ சத்தம், அவ்வளவுதான், இரண்டும் ஒன்றாக மெதுவானது. எமு பிளெயின்ஸில் ஓரமாக நிறுத்தி, டிஸ்கில் கை படாமல் ஹப்பின் மூடியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். வலது பக்கம் இளஞ்சூடு. இடது பக்கம் கையை வைத்திருக்க முடியவில்லை. காலிபர் நகர்ந்து கொடுக்கும் இரும்பு முளை கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் ஆறவிட்டு மெதுவாக வீட்டுக்குக் கொண்டுவந்து, கல்லை இறக்கிவிட்டு அன்று மாலையே இடது சக்கரத்தைக் கழற்றினேன்.